வீட்டின் மேல் கடன் வாங்கி, உயரத்தில் நிற்கும் சந்தையில் முதலீடு: படிப்படியான முழு வழிகாட்டி

"வீடு 60 லட்சம் பெறும் சார், கடன் ஏதும் இல்லை. அதன் மேல் 20 லட்சம் வாங்கி மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவிடலாமா? சந்தை இவ்வளவு ஏறியிருக்கிறதே, இப்போது போடலாமா, காத்திருக்கலாமா?" ஓசூர் ஆலைகளில் வேலை செய்பவர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைத்து இதைச் செய்திருக்கிறேன். மற்றவர்களுக்குக் கணக்குப் போடவும், காகிதங்களைச் சேர்க்கவும் உதவியிருக்கிறேன்.

தடுமாறியவர்களில் பெரும்பாலோர் தவறான ஃபண்டைத் தேர்ந்தெடுத்ததால் தடுமாறவில்லை. வரிசையைத் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் கடன் அனுமதி, பிறகு பணம் கணக்கில், அதன் பிறகுதான் கணக்கு. இங்கே வரிசை வேறு: கணக்கு, ஒத்திகை, ஆவணம், கடன், கடைசியில் சந்தை. முதல் மூன்று படிகளை நேர்மையாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பது என் கருத்து. அப்படி நிற்பதும் சரியான முடிவுதான்.

1. கடனை அதன் தவணையோடு ஒப்பிடுங்கள்

எல்லோரும் போடும் கணக்கு இது. 20 லட்சம், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை சுமார் 21,492 ரூபாய். மொத்தம் கட்டுவது 38.7 லட்சம், அதில் வட்டி 18.7 லட்சம். 20 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் ஃபண்டில் போட்டால் 15 ஆண்டில் 109 லட்சம் ஆகும். "109-ல் 38.7 போனால் 70 லட்சம் லாபம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 21,492 ரூபாய் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. கடனே வாங்காமல் அதே தொகையை மாதாமாதம் அதே ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகப் போட்டிருந்தால் என்ன ஆகும்? ஒப்பிட வேண்டியது அதனோடுதான். 15 ஆண்டு முடிவில், வரிக்கு முன்:

ஃபண்டு 8 சதவீதம் வளர்ந்தால்: கடன் வாங்கிப் போட்ட மொத்தத் தொகை 63 லட்சம், எஸ்.ஐ.பி. 72.5 லட்சம்.
10 சதவீதம் வளர்ந்தால்: மொத்தத் தொகை 83.5 லட்சம், எஸ்.ஐ.பி. 85.6 லட்சம்.
12 சதவீதம் வளர்ந்தால்: மொத்தத் தொகை 109.5 லட்சம், எஸ்.ஐ.பி. 101 லட்சம்.
14 சதவீதம் வளர்ந்தால்: மொத்தத் தொகை 143 லட்சம், எஸ்.ஐ.பி. 120 லட்சம்.

10 சதவீத வளர்ச்சியில்கூடக் கடன் தோற்பதற்குக் காரணம், 10 சதவீத வட்டியை மாதாமாதம் கணக்கிட்டால் ஆண்டுக்கு உண்மையில் 10.47 சதவீதம் ஆகிவிடுவதுதான். ஃபண்டு அதைத் தாண்டினால் மட்டுமே கடனுக்கு அர்த்தம் உண்டு.

12 சதவீதத்தில் தெரியும் எட்டு லட்ச வித்தியாசத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மொத்தத் தொகையில் லாபப் பகுதி அதிகம் என்பதால் வரியும் அதிகம். கடைசியில் ஒரே முறையில் விற்று 12.5 சதவீத வரி கட்டினால் வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குக் கீழே வந்துவிடும். அதிலிருந்து கடன் எடுக்கும் செலவுகளைக் கழிக்க வேண்டும். 15 ஆண்டு வீட்டுப் பத்திரத்தை அடமானத்தில் வைத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான். அது போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வட்டியையும் ஆண்டுகளையும் வைத்து இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போடுங்கள். அடுத்தவர் போட்டுக் கொடுத்த கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடுபவர்கள், சந்தை இறங்கும்போது அந்தக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

2. உச்சத்தில் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை ரூபாயில் எழுதுங்கள்

"சந்தை நீண்ட காலத்தில் ஏறும்" என்ற வாக்கியம் தவணைத் தேதியில் உதவாது. நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. பதினான்கு மாதத்தில் 61 சதவீத வீழ்ச்சி. அந்த உச்சத்தில் 20 லட்சம் போட்டிருந்தால் மிச்சம் 7.8 லட்சம். மேலே சொன்ன நிபந்தனைகளில் கடன் வாங்கியிருந்தால், தவறாமல் 14 தவணை கட்டிய பிறகும் பாக்கி 19.3 லட்சம். அன்று நீங்கள் எல்லாவற்றையும் விற்றுக் கட்டினாலும் பதினொன்றரை லட்சம் கடன் நிற்கும், வீட்டின் மேல்.

2010 நவம்பரில் சென்செக்ஸ் ஒரு முறை பழைய உயரத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது. உறுதியாகத் தாண்ட 2013 இறுதிக்கும் மேல் ஆனது. அதற்குள் நீங்கள் சுமார் 70 தவணை, அதாவது 15 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். இடையில் டிவிடெண்டு கொஞ்சம் வந்திருக்கும். ஆனாலும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்ல உங்களிடம் நல்ல செய்தி எதுவும் இருந்திருக்காது.

எல்லா வீழ்ச்சியும் இப்படி நீளாது. 2020-ல் நிஃப்டி ஜனவரி உச்சமான 12,430-லிருந்து மார்ச்சில் 7,511 வரை விழுந்து, நவம்பருக்குள் மீண்டது. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 ஏப்ரல் தொடக்கம் வரை சுமார் 17 சதவீதம் இறங்கியது. இந்த இரண்டை மட்டும் பார்த்தவர்கள்தான் இன்று துணிச்சலாகப் பேசுகிறார்கள். கடன் வாங்கி நுழைபவர் 2008-ஐ வைத்துத்தான் திட்டமிட வேண்டும், ஏனென்றால் வங்கி மீட்சிக்காகக் காத்திருக்காது.

3. ஆறு மாதம் தவணையை ஒத்திகை பாருங்கள்

கடன் விண்ணப்பம் எழுதும் முன், வரப்போகும் தவணைத் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். தொடர் வைப்புக் கணக்கு போதும். ஆறு மாதம் ஒரு முறைகூடத் தவறக் கூடாது, எடுத்துச் செலவழிக்கவும் கூடாது.

அந்த ஆறு மாதத்துக்குள் ஜூன் மாதம் வந்தே ஆக வேண்டும். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்ந்து வரும் மாதம் அது. தீபாவளியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. செலவு குறைந்த மாதங்களை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடியும் என்று முடிவு செய்தவர்கள் முதல் ஆண்டிலேயே நகையை அடகு வைத்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல குடும்பங்களின் வருமானத்தில் ஒரு பகுதி நிலத்திலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்கு ஆண்டு வருமானம் கோடையை ஒட்டிய சில மாதங்களில் வந்து முடிந்துவிடும். பாலக்கோடு, இராயக்கோட்டைத் தக்காளி ஒரு மாதம் கைகொடுக்கும், அடுத்த மாதம் பறிப்புக் கூலிக்குக்கூடத் தேறாது. ஓசூரில் ஆலை வேலை என்றாலும் ஓவர்டைம் தொகை நிலையானது அல்ல. தவணை இவை எதையும் கேட்காமல் மாதாமாதம் வரும். எனவே ஒத்திகையை அடிப்படைச் சம்பளத்திலிருந்து மட்டுமே செய்யுங்கள்.

ஆறு மாதத்தில் 1.29 லட்சம் சேர்ந்திருக்கும். அது உங்கள் தவணைக் காப்பு நிதியின் பாதி. ஒரு முழு ஆண்டுத் தவணை, அதாவது 2.6 லட்சம், சொந்தப் பணமாக வங்கி வைப்பில் இருக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். கடனிலிருந்து எடுத்து இந்த நிதியை உண்டாக்கினால், அந்தக் காப்புக்கே நீங்கள் வட்டி கட்டுவீர்கள்.

ஒத்திகை சுலபமாக முடிந்துவிட்டால் பலர் ஒன்றைக் கவனிக்கிறார்கள்: மாதம் 21,000 ரூபாய் தாராளமாக ஒதுக்க முடிகிறது என்றால், அதையே எஸ்.ஐ.பி.யாகத் தொடரலாமே! அப்படி முடிவு செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டியிருக்கிறேன்.

4. வெளிநாட்டுக் காணொளிகளின் வரிக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வருமானம் ஈட்டும் முதலீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டியை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வீட்டின் மேல் கடன் வாங்கி முதலீடு செய்யும் யோசனை அங்கே பரவலாகப் பேசப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்குள்ள உறவினர் சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம்.

இங்கே, பங்கு சார்ந்த ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். அடமானக் கடன் வட்டியைக் காட்டி இந்த வரியைக் குறைத்துவிடலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வீட்டுக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் சலுகையும் வேறு; அது வீடு வாங்கவோ கட்டவோ பழுது பார்க்கவோ எடுத்த கடனுக்கு.

5. கடனை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத படி இது. சொத்து அடமானக் கடன் விண்ணப்பங்களிலும் ஏற்கெனவே உள்ள வீட்டுக் கடனின் மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப் கடன் விண்ணப்பங்களிலும், பணத்தை ஊக நோக்கங்களுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழி பெரும்பாலும் இருக்கும். சில இடங்களில் பங்குச் சந்தை என்றே பெயர் சொல்லித் தடுத்திருப்பார்கள். 2024 ஆகஸ்ட் நாணயக் கொள்கை அறிக்கையில் ரிசர்வ் வங்கியும் டாப்-அப் கடன்கள் ஊக முதலீடுகளுக்குப் போவதைச் சுட்டிக்காட்டி, பணம் எங்கே போகிறது என்பதைக் கண்காணிக்கும்படி கடன் நிறுவனங்களிடம் சொன்னது.

ஆகவே விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். "மியூச்சுவல் ஃபண்டு முதலீட்டுக்கு இந்தக் கடன் அனுமதிக்கப்படுகிறதா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். "வீடு புதுப்பிக்க என்று போட்டுவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று முகவர் சொன்னால் அவரைத் தவிர்த்துவிடுங்கள். பொய்யான நோக்கம் எழுதியது தெரிந்தால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கலாம். அது சந்தை விழுந்திருக்கும் நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் படியில் பார்த்தோம்.

அனுமதி இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடன் நிறுவனத்தோடு முடிந்தது. வேறு இடத்திலும் அதே பதில் என்றால் திட்டமே முடிந்தது.

6. ஆவணங்களைச் சேருங்கள்

வங்கிக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், உங்கள் பெயரிலான பட்டா, நீண்ட கால வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, நடப்பு ஆண்டு சொத்து வரி ரசீது. வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குக் கேட்பது வழக்கம். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே முதலில் பார்த்துவிடுங்கள். எப்போதோ முடித்த கடனின் பதிவு அதில் இன்னும் நீக்கப்படாமல் கிடப்பதைப் பலர் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

நம் மாவட்டங்களில் விண்ணப்பம் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருப்பது. வீடு உங்கள் அனுபவத்தில் இருந்தாலும் வங்கி வழக்கறிஞருக்கு அது போதாது. வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பாகம் பிரித்து, பட்டா மாற்ற வேண்டும். சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்திருக்கின்றன. அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: அக்காவிடமோ தங்கையிடமோ கையெழுத்து கேட்கும்போது, அந்த வீட்டை அடமானம் வைத்துச் சந்தையில் போடப்போகிறேன் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாமல் வாங்கிய கையெழுத்தால் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

இரண்டு, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அதன்படி வரன்முறை ஆணை பெற்றிருந்தால் அதை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் வங்கிகள் தயங்கும். நிதி நிறுவனங்கள் கூடுதல் வட்டிக்குத் தரும். அந்தக் கூடுதல் வட்டியை முதல் படிக் கணக்கில் போட்டால் திட்டம் அங்கேயே விழுந்துவிடும்.

மூன்று, தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடி கட்டியிருப்பது. மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கலாம். 60 லட்சம் என்று நீங்கள் நினைக்கும் வீடு அவருடைய தாளில் 40 லட்சமாக இருக்கும்.

7. எவ்வளவு, எந்த வகைக் கடன்

சொத்து மதிப்பில் பாதிக்கு மேலும் தரத் தயாராக இருப்பார்கள். தருகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். வீட்டு மதிப்பில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, உங்கள் எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இது என் அளவுகோல். வேலை போய் வேறு வேலை தேடும் காலத்திலும் சமாளிக்கக்கூடிய அளவு இதுதான் என்று கருதுகிறேன்.

இரண்டு வகைகளில் கடன் கிடைக்கும். முழுத் தொகையும் ஒரே நாளில் வந்து தவணை தொடங்குவது ஒன்று. ஒரு வரம்பு வரை அனுமதித்துவிட்டு, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி போடும் ஓவர்டிராஃப்ட் இன்னொன்று. சந்தை உயரத்தில் இருக்கும்போது பகுதி பகுதியாக நுழைய விரும்புபவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும். எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது. ஆனால் அதன் வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம், வரம்பு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் வகையும் உண்டு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்டிராஃப்டில் அசலைக் கட்டச் சொல்லி யாரும் நெருக்காததால், வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே பலர் ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். முதல் மாதத்திலிருந்தே அசலுக்கு ஒரு தொகையை நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

மாறும் வட்டி எவ்வளவு மாறும் என்பதையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது; அது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதே அளவு ஏறி உங்கள் 10 சதவீதம் 12.5 ஆனால், தவணை 21,492-லிருந்து 24,650 ஆகும். தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிக்கச் சொன்னால், கடனின் தொடக்கத்திலேயே இது நடக்கும்பட்சத்தில், 15 ஆண்டுக் கடன் 28 ஆண்டாகிவிடும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. தவணையைக் கூட்டுங்கள். ஒத்திகையையும் 24,650 ரூபாய்க்கே செய்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

கையெழுத்துக்கு முன் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். செலவுகளையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். செயலாக்கக் கட்டணம் 1 சதவீதம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 20 லட்சத்துக்கு 23,600 ரூபாய். வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. எனப்படும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு ஆகியவற்றின் செலவு தனி. முதல் படியில் பார்த்த அந்த ஐந்து லட்சத்திலிருந்து இவையெல்லாம் போகும்.

8. உங்களுக்குப் பிறகு யார் கட்டுவார்கள்

கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடு கடனுக்கு முன்பே இருக்க வேண்டும், வாழ்க்கைத் துணையை நாமினியாகக் குறித்து. கடனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டைக் கவனியுங்கள்: அதன் பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிடுவார்கள், அதற்கும் 15 ஆண்டு வட்டி ஓடும். வெளியே தனியாக எடுக்கும் பாலிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனைவியோ கணவரோ வெறும் கையெழுத்துக்காரராக இருக்கக் கூடாது. இரண்டாம் படித் தாளை அவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் தவணை தவறினால் கடன் வாராக்கடன் ஆகும். 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்க வங்கியால் முடியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.

9. எதில் போடுவது

இந்தப் படி சின்னது. நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 500 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு, முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: 12 சதவீதத்துக்கும் 10.47 சதவீதத்துக்கும் இடையில் உங்களுக்கு இருப்பது ஒன்றரை சதவீத இடைவெளி. ரெகுலர் பிளானில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்குக் கமிஷன் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

தனிப் பங்குகள், சிறு நிறுவனங்களில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டு, ஒரே துறை ஃபண்டு ஆகியவை இந்தப் பணத்துக்கு உரியவை அல்ல. எஃப் அண்டு ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பற்றி யோசிக்கவே வேண்டாம்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதி ஆண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு காட்டியது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "உறுதியான வருமானம்" என்று அழைப்பவர்களிடம், உங்களிடம் அடமானப் பணம் இருக்கிறது என்ற செய்தியே போகக் கூடாது. வாங்கிய யூனிட்டுகளை மறுபடி அடமானம் வைத்து இன்னொரு கடன் எடுக்கவும் கூடாது.

10. சந்தை உயரத்தில் இருக்கும்போது நுழையும் முறை

மொத்தமாகப் போடுவதே பெரும்பாலும் லாபம் என்று அமெரிக்க ஃபண்டு நிறுவனமான வேன்கார்டு 2012-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியச் சந்தைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக் காலங்களில் மொத்தத் தொகை வென்றது. அது கையில் ஏற்கெனவே இருக்கும் சொந்தப் பணத்துக்கான ஆய்வு. மீதி மூன்றில் ஒரு பங்கில் மாட்டிக்கொண்டால் சொந்தப் பணத்தைப் போட்டவர் காத்திருக்கலாம். நீங்கள் தவணை கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதனால் கடன் பணத்துக்கு என் பரிந்துரை, பன்னிரண்டு சம பங்குகள், மாதம் ஒன்று, குறித்த தேதியில்.

ஓவர்டிராஃப்ட் என்றால் மாதந்தோறும் பங்கை எடுத்து அன்றே ஃபண்டில் போடுங்கள். முழுத் தொகையும் கைக்கு வந்துவிட்டது என்றால் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் வைத்து, எஸ்.டி.பி. எனப்படும் தானியங்கி மாற்ற வசதி மூலம் மாதாமாதம் மாற்றலாம். அதற்குச் செலவு உண்டு: லிக்விட் ஃபண்டு 6.5 சதவீதம் தருகிறது, கடனுக்கு 10 சதவீதம் போகிறது என்றால், ஓராண்டில் சராசரியாக 10 லட்சம் காத்திருப்பதற்கு 35,000 ரூபாய் நட்டம். அந்தச் செலவை ஏற்கலாம். ஆனால் மூன்று ஆண்டுக்கு இழுத்தால் ஏற்க முடியாது.

நிஃப்டியின் பி.இ. விகிதத்தை (பங்கு விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை) பார்த்து நாள் குறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 மார்ச் இறுதியில் அந்தக் கணக்கிடும் முறை மாறியது. அதற்கு முன் நிறுவனத்தின் தனி லாபம், இப்போது துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபம். பழைய வரைபடத்தின் 28-ஐ இன்றைய எண்ணோடு வைத்து "இன்னும் மலிவுதான்" என்று சொல்வது தவறான ஒப்பீடு.

தொடங்கும் முன் ஒரு தாளில் பன்னிரண்டு தேதிகளையும் தொகையையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். சந்தை விழுந்தால் நிறுத்தக் கூடாது, ஏறினால் அவசரப்பட்டு மொத்தத்தையும் போடக் கூடாது. நிறுத்த வேண்டிய சூழல்கள் வேறு: வேலையில் ஆட்டம், வீட்டில் பெரிய மருத்துவச் செலவு, காப்பு நிதி ஆறு மாதத் தவணைக்குக் கீழே போவது. இவற்றில் ஒன்று நடந்தால் மீதிப் பங்குகளை எடுக்காதீர்கள். கையில் இருக்கும் லிக்விட் பணத்தைக் கடனுக்கே கட்டிவிடுங்கள். முதலீட்டை விற்றுத் தவணை கட்டும் நிலை வந்தால் திட்டம் உடைந்துவிட்டது என்று பொருள். அதை ஒத்துக்கொண்டு கடனைக் குறைக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

11. ஆண்டுக்கு ஒரு நாள்

ஏப்ரலில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கடன் பாக்கி, ஃபண்டு மதிப்பு, வட்டி விகிதம், காப்பு நிதி நான்கையும் பழைய தாளுக்குக் கீழே எழுதுங்கள். தினமும் செயலியைத் திறந்து பார்ப்பதால் முடிவுகள் கெடுகின்றன. ரெப்போ குறைந்தும் உங்கள் வட்டி குறையவில்லை என்றால் கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள்.

ஃபண்டு மதிப்பு கடன் பாக்கியைப் போல் இரண்டு மடங்கு ஆகும்போது, பாதியை விற்றுக் கடனை முடித்துவிடுவதை நான் விரும்புகிறேன். கணக்குப்படி தொடர்வது லாபமாக இருக்கலாம். ஆனாலும் வீட்டுப் பத்திரம் திரும்ப வீட்டுக்கு வருவதற்கு ஒரு விலை உண்டு என்று நம்புகிறவன் நான். மாறும் வட்டியில், தொழில் அல்லாத நோக்கத்துக்குத் தனிநபர் எடுத்த கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். விற்பனையை மார்ச், ஏப்ரல் என இரண்டு நிதி ஆண்டுகளில் பிரித்துச் செய்தால் 1.25 லட்ச வரி விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

12. கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடாது. பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். மூல ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், கடன் கொடுத்தவர் தாமதப்படுத்தினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுக்கும்போது வாங்கிய ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பெறுங்கள், தாய்ப் பத்திரங்கள் உட்பட.

அதன் பிறகு வங்கி அலுவலரோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். எம்.ஓ.டி. பதிவை ரத்து செய்வது அதுதான். பலர் பத்திரம் கைக்கு வந்ததும் இதை விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கும்போது வில்லங்கச் சான்றில் பழைய கடன் நிற்கிறது, அந்தக் கிளையோ வேறு கிளையோடு இணைந்துபோயிருக்கிறது. பதிவு முடிந்த சில நாள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று போட்டு, ரசீது பதிவாகியிருப்பதைப் பார்த்த பிறகு அதன் பிரதியைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.